தளிர் தேடிய ஆசிரியர்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஜீவிய சரித்திரச் சுருக்கம்



நம் முகத்துவாரக்குப்பத்தில் படம் வரைகிற பிள்ளையோ, பாட்டுக் கட்டுகிற பிள்ளையோ இல்லாத தெரு கிடையாது. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் படகும் ஆற்று முகமும் வரைந்துகொண்டு வந்து, தகப்பன் முன்னே நீட்டுகிறது குழந்தை. பெரியவர்களாகிய நாம் என்ன சொல்லுகிறோம்? சிலர் ஏறிட்டுப் பாராமலே நன்றாயிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சிலர், இது சோறு போடுமா என்று கேட்டு நோட்டைத் தூர எறிகிறார்கள். முந்தினவரின் வார்த்தையால் பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. பிந்தினவரின் வார்த்தையால் பிள்ளை பென்சிலையே தொடாமல் விட்டுவிடுகிறது.

இந்த இரண்டு வழியும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அந்த வழியிலே ஆயுள் முழுவதும் நடந்து, சாதி மத பேதமின்றி அநேகரைக் கவிஞராக்கிய ஒரு தமிழ்ப் பெரியாரின் சரித்திரத்தை இந்த வாரம் சொல்லுகிறோம். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர், சைவர். ஆயினும் அவரது வாழ்விலே நம்மவர் சிலருக்கு நெருங்கிய பங்கு உண்டு.

இளமையும் கல்வியும்

மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதி, திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த அதவத்தூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. தந்தையார் கிராமத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவரே மகனுக்கு முதல் ஆசான். மகன் பதினைந்து வயதை எட்டும் சமயத்தில் தந்தை காலமாகிவிட்டார். வீட்டிலே பணமில்லை, படிக்க வேண்டுமென்ற ஆசை மாத்திரம் மிகுதியாயிருந்தது.

அக்காலத்தில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் பனையோலை ஏடுகளிலேயே இருந்தன. ஏடு வைத்திருப்பவர் மனது வைத்தால்தான் பாடம் கிடைக்கும். திருச்சிக்குக் குடிவந்த இளைஞர், எவரிடம் ஒரு நூல் இருக்கிறதென்று கேள்விப்பட்டாலும் அவர் வாசலிலே போய் நிற்பார். தண்டியலங்காரம் என்னும் அணி நூலைப் பாடம் சொல்லக்கூடியவர் ஊரில் ஒரு பரதேசியே என்று தெரியவந்தது. அவரோ எளிதில் வசப்படாதவர். தெருத்தெருவாகப் பிச்சைக்குப் போகிறவர். பிள்ளையவர்கள் அவர் கூடவே நடந்தார்; அவருக்கு வேண்டிய பணிவிடைகளைச் செய்தார்; அவர் மனமிரங்கிய வேளைகளிலே பாடம் கேட்டு, அந்த நூலைக் கற்று முடித்தார்.

பிறகு சென்னைக்கும் வந்து சில காலம் தங்கினார். காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப் பெருமாளையர், மழவை மகாலிங்கையர் முதலான புலவர்களை அடுத்துத் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். இப்படியாக ஓர் ஆசிரியரிடம் கொஞ்சம், மற்றோர் ஆசிரியரிடம் கொஞ்சம் என்று தேனீயைப் போலச் சேர்த்த கல்வி அது. கல்வியைத் தேடி அலைந்த வருத்தத்தை அவர் மறக்கவேயில்லை. தம்மைத் தேடி வந்த எவரையும் அந்த வருத்தம் படவிடலாகாது என்று தீர்மானித்தார் போலும்.

கவிஞரும் ஆசிரியரும்

பிள்ளையவர்கள் பாடிய நூல்கள் மிகப் பல. தலபுராணங்கள் மாத்திரமே இருபதுக்கு மேல் இருக்கும். அவர் வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். எழுதுகிறவர் கை வலிக்குமேயன்றிச் சொல்லுகிறவருக்குச் சொல் தடைப்படாது. மாட்டுவண்டியில் பிரயாணம் செய்யும்போதுகூட அம்பர்ப் புராணத்துச் செய்யுள்களைச் சொல்லி எழுதுவித்தார். திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டத்தை வழங்கினர். சுமார் 1860-ல் மாயூரத்துக்குக் குடிபோனார்.

இத்தனை பெரிய கவிஞர் வீட்டில் எண்ணெய்க்கும் அரிசிக்கும் தட்டுப்பாடான நாட்களும் உண்டு. இருந்தும் மாணாக்கர்களுக்குச் சோறு போட்டே பாடம் சொன்னார். பாடத்துக்குச் சம்பளம் வாங்கினதில்லை. கும்பகோணம் கல்லூரியிலே தமிழ்ப் பண்டிதராயிருந்து புகழ்பெற்ற தியாகராச செட்டியார் அவருடைய மாணவர். நாகூர் குலாம் காதிர் நாவலர் என்னும் முகம்மதியப் புலவர் அவருடைய மாணவர். கத்தோலிக்கராகிய சவராயலு நாயகரும், கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும் அவருடைய மாணவர்கள். சைவ மடத்து மகாவித்துவானாகிய அவர், தமிழ் கேட்க வந்தவனிடம் அவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று கேட்டுத் தள்ளினதில்லை.

அவர் செய்யுள் பழக்குகிற முறை இதுதான். ஒரு கருத்தைச் சொல்லி, அதைப் பாட்டாகக் கட்டும்படி மாணவனிடம் விடுவார். மாணவன் கட்டிக்கொண்டு வந்ததைப் பொறுமையாய்க் கேட்பார். தளை தட்டின இடத்தையும், சொல் பொருந்தாத இடத்தையும் தனித்தனியே காட்டித் திருத்துவார். கடுஞ்சொல் சொல்லமாட்டார், பிறர் நடுவே மாணவனை நகைக்கமாட்டார், தம் பெருமையைத் தாமே பேசமாட்டார். உன் பாட்டு சரியில்லை என்று மொத்தமாகச் சொன்னால் மாணவனுக்கு என்ன தெரியும்? மூன்றாவது அடியில் இந்தச் சீர் சரியில்லை, அதற்குப் பதிலாக இதைப் போட்டுப் பார் என்று சொன்னாலோ, அவன் அடுத்த பாட்டைத் தானாகவே சரியாகக் கட்டுவான்.

முன்சீப்பும் மகாவித்துவானும்

மாயூரத்தில் அப்போது மாவட்ட முன்சீப்பாய் இருந்தவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையின் மகனாகிய வேதநாயகம் பிள்ளை. 1826-ல் திருச்சிக்கு அருகேயுள்ள குளத்தூரில் பிறந்தவர். பகல் முழுவதும் கச்சேரியில் வழக்குக் கேட்பது அவர் உத்தியோகம். செய்யுள் எழுதுவது ஓய்வு நேரத்தில் அவர் செய்த காரியம். இன்றைய பேச்சில் சொன்னால், அவர் தொழில்முறைப் புலவர் அல்லர். மடத்துப் பண்டிதர்கள் இப்படிப்பட்டவரின் பாட்டைக் கண்டு உதட்டைப் பிதுக்குவது அந்நாளில் வழக்கம்.

மகாவித்துவானோ அவரைச் சமானமாகப் பாவித்து நட்புக்கொண்டார். 1859-ல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் நீதிநூலைப் பாராட்டிப் பாடினார். அந்த நண்பர் பிறந்த ஊரின் பெயராலேயே குளத்துக்கோவை என்று ஒரு கோவைப் பிரபந்தத்தையும் அவர்மேல் இயற்றினார். சைவப் புலவர் ஒருவர் கத்தோலிக்க நண்பரைத் தலைவராக வைத்து ஒரு பிரபந்தம் முழுவதும் பாடியது எளிய காரியமா?

பெரியவர் ஒருவரின் மதிப்பு ஒரு மனிதனுக்குத் தைரியம் கொடுக்கிறது. நீதிநூலோடு வேதநாயகம் பிள்ளை நின்றுவிடவில்லை. பெண் கல்விக்காக எழுதினார். தேவமாதாவின்மேல் அந்தாதி பாடினார். சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் இயற்றினார். 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழின் முதல் நாவலாசிரியர் என்ற கீர்த்தியையும் அடைந்தார்.

கண்டிப்பு இளகிய கதை

பிள்ளையவர்கள் என்றும் தவறாதவர் என்று எண்ணவேண்டாம். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர் தடுமாறின ஓரிடத்திலேதான் அதிகமாக இருக்கிறது.

மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் என்னும் சங்கீதப் பெரியவர் இருந்தார். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடியவர் அவர். பறையர் குலத்தில் பிறந்து, சிதம்பரத்தைக் காணமாட்டோமா என்று ஏங்கிய ஒரு பண்ணையாளின் கதை அது. அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் ஒன்று வேண்டுமென்று பாரதியார் மகாவித்துவானிடம் வந்து கேட்டார். அக்காலத்தில் பெரிய புலவரின் பாயிரம் இருந்தால்தான் நூலுக்கு மதிப்பு.

பிள்ளையவர்களுக்கோ அதில் மனம் செல்லவில்லை. கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருந்தன. பிழையுள்ள நூலுக்குப் பாயிரம் கொடுத்தால், பிழையையும் ஒப்புக்கொண்டதாகாதா? முகத்துக்கு நேரே மறுக்கவும் மனமில்லை. ஆகவே இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். பாரதியாரும் சளைக்காமல் நடந்துகொண்டேயிருந்தார்.

ஒரு நாள் பாரதியார் வந்தபோது பிள்ளையவர்கள் உள்ளே பகல் நித்திரையில் இருந்தார். வந்தவர் எழுப்பவில்லை. திண்ணையிலே உட்கார்ந்து, தம் கீர்த்தனைகளைத் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்தார். நித்திரை தெளிந்த மகாவித்துவான் படுத்தபடியே கேட்டார். ஏட்டிலே வாசித்தபோது பிழையாய்த் தெரிந்தவை, பாடக் கேட்டபோது முன்னே நிற்கவில்லை. நந்தனின் ஏக்கமே முன்னே நின்றது. அவர் உள்ளம் உருகிற்று. எழுந்து வெளியே வந்து, இத்தனை நாள் தாமதித்ததற்கு வருந்தி, சிறப்புப்பாயிரத்தைப் பாடிக் கொடுத்தார்.

இதிலே இரண்டு பேரையும் கவனிக்க வேண்டும். பிழையைக் கண்ட ஆசிரியர் பொய்யாகப் புகழவில்லை; அது அவருடைய நேர்மை. ஆனால் பாடுவதற்கென்று செய்த ஒன்றைக் காதால் கேளாமல், கண்ணால் வாசித்தே தீர்ப்புச் செய்ய இருந்தார். அது அவருடைய குறை. குறை தெரிந்தவுடன் தம் பதவியை நினையாமல் இறங்கி வந்தார். அதுவே அவருடைய பெருமை. பாரதியாரும், மறுத்தாரென்று கோபித்துக்கொண்டு வீட்டில் முடங்கவில்லை. பாடிக்கொண்டேயிருந்தார்.

தளிர் பார்த்த மாணவன்

1871-ல் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த ஒரு பதினாறு வயதுப் பையனை அவன் தகப்பனார் மாயூரத்துக்கு அழைத்து வந்தார். மகாவித்துவான் முதலில் தயங்கினார். பலர் வருகிறார்கள், கொஞ்ச காலம் படிக்கிறார்கள், பாதியில் போய்விடுகிறார்கள் என்பது அவர் மனத்தாங்கல். பையனுக்குத் தெரிந்த செய்யுளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு ஏற்றுக்கொண்டார். வீட்டில் வேங்கடராமன் என்றும் சாமிநாதன் என்றும் இரண்டு பெயர் வழங்கிவந்த அப்பையனுக்குச் சாமிநாதன் என்ற பெயரே நிலைக்கும்படி செய்தவரும் அவர்தான்.

மாயூரத்து வீட்டின் பின்புறத்திலே பிள்ளையவர்கள் ஒரு தோட்டம் போட்டிருந்தார். சிறு கன்று வைத்து வளரும் வரையில் பொறுக்காமல், வேறிடத்தில் வளர்ந்த மரங்களையே பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருந்தார். அவை இலையுதிர்ந்து மொட்டையாய் நின்றன. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் அவர் ஒவ்வொரு கிளையாக உற்றுப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு தளிர் தென்பட்டால் முகம் மலர்ந்துபோவார். புதிதாக வந்த சாமிநாதன் இதைக் கவனித்துவிட்டான். ஆசிரியருக்கு முன்னே எழுந்து, தோட்டத்தைச் சுற்றி, எந்தக் கிளையில் தளிர் விட்டிருக்கிறதென்று கண்டு வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுவான். இப்படியாக ஆசிரியருக்கும் மாணவனுக்கும் அன்பு வேரூன்றிற்று.

மாணாக்கர் விஷயத்திலும் அவர் செய்தது இதுவேதான். மொட்டைக் கிளையைக் கண்டு மரம் பட்டுப்போயிற்று என்று முடிவு கட்டவில்லை. முளையைத் தேடினார். கண்டவுடன் மகிழ்ந்தார், தண்ணீர் விட்டார்.

அடுத்த வருஷங்களில் சாமிநாதனுக்கு வைசூரி கண்டபோது அவர் பட்ட கவலைக்கு அளவில்லை. கல்யாணக் கடனை அடைக்க வேண்டி அவன் காரை என்னும் ஊருக்குப் போய்ப் புராணப் பிரசங்கம் செய்ய நேர்ந்தபோது, பாதியில் போகிறாயே என்று வெறுக்கவில்லை. திரும்பி வந்ததும் பழையபடி பாடம் சொன்னார்.

இரண்டு எச்சரிக்கைகள்

அவருடைய அன்பிலும்கூட நாம் அப்படியே பின்பற்றக்கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

ஒன்று: சாமிநாதன் காலை வேளைகளில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுவந்தான். பாரதியார் வாயிலாக இது தெரிந்தபோது, பாட்டிலே மனம் போனால் இலக்கியப் படிப்புக் கெடும் என்று பிள்ளையவர்கள் அபிப்பிராயப்பட்டார். மாணவன் சங்கீதத்தை விட்டுவிட்டான். தமிழுக்கு அது லாபமாய் முடிந்திருக்கலாம். ஆனாலும் பையனின் தகப்பனார் ஆசையோடு தொடங்கிவைத்த ஒரு கலை அங்கே நின்றுபோயிற்று. நமக்கு ருசிக்காத கலை பிள்ளைக்கும் வேண்டாததென்று முடிவு செய்துவிடக் கூடாது.

இரண்டு: மாணவர்களுக்கு உதவி செய்கிறபோது சில சமயம் எல்லையைக் கடந்துவிடுவார். தாமே முழுவதும் பாடி, மாணவர் பெயரால் வெளிவரும்படி கொடுத்துவிடுவார். வல்லூர் தேவராச பிள்ளையின் பெயரால் வழங்கும் குசேலோபாக்கியானம் உண்மையில் மகாவித்துவானின் வாக்கே என்பது தமிழறிஞர் பலர் ஒப்புக்கொண்ட செய்தி. கொடுத்த மனம் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் வாங்கிக்கொண்டவருக்குக் கவி பாடும் திறம் அதனால் வளர்ந்திருக்குமா?

இது நம் குப்பத்தாருக்கு நன்றாய்த் தெரிந்த காரியந்தான். வலை பின்னக் கற்கிற பையன் ஒரு முடிச்சைத் தவறாகப் போட்டுவிட்டால், அனுபவமுள்ள தகப்பன் வலையைப் பிடுங்கித் தானே பின்னி முடிப்பதில்லை. தவறின முடிச்சை மாத்திரம் அவிழ்த்துக் காட்டி, மறுபடியும் பையன் கையிலேயே கொடுக்கிறான். வலை சற்றுக் கோணலாய் இருந்தாலும் அது பையன் பின்னின வலை. அடுத்த வலை நேராய் வரும்.

கடைசி நாள்

1876-ம் வருஷத் தொடக்கத்தில் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் நோயுற்றுக் கிடந்தார். சம்பாத்தியம் எதுவும் மிஞ்சவில்லை, கடன் இருந்தது. மாணவர்கள் சுற்றியிருந்தார்கள். பிப்ரவரி 1-ந் தேதி இரவு, கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளை தம் ஆசானைத் தாங்கி மார்பிலே சாய்த்துக்கொண்டார். அந்தணராகிய சாமிநாதன் அருகில் இருந்து திருவாசகம் வாசித்தான். அந்த நிலையிலே மகாவித்துவானின் ஆவி பிரிந்தது.

குலமும் மதமும் வேறான இரண்டு பிள்ளைகள் ஒரு மனிதனை இருபுறமும் நின்று வழியனுப்பினார்கள். செல்வம் சேர்த்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிட்டும்?

அந்தச் சாமிநாதன்தான் பிற்காலத்தில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1880-ல், உத்தியோகத்திலிருந்து விலகிய தியாகராச செட்டியார், தம் ஆசானின் இளைய மாணவனாகிய அவரையே கும்பகோணம் கல்லூரியில் தம் ஸ்தானத்துக்குக் கொண்டுவந்தார். 1887-ல் சீவகசிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1898-ல் மணிமேகலை என்று, செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து அச்சிலேற்றினார். 1942-ல் காலமாகுமுன், தம் ஆசானின் சரித்திரத்தையும் 1933, 1934-ம் வருஷங்களில் இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். பிள்ளையவர்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த நூலால் தெரிந்ததே. மாயூரத்துத் தோட்டத்தில் கண்ட தளிர் இத்தனை பெரிய மரமாயிற்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஆகவே, அன்புள்ள தாய் தகப்பன்மாரே, வாலிபருக்குப் பாட்டும் நாடகமும் படமும் பழக்குகிற பெரியோரே, இந்தச் சரித்திரத்திலிருந்து சில காரியங்களை மனதில் வைத்துக்கொள்வோம்.

பிள்ளை ஒன்றைச் செய்து காட்டினால், வேலையை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள், பாட்டானால் கேளுங்கள், நாடகமானால் கடைசிவரையில் இருங்கள். பாராமல் சொல்லுகிற புகழ்ச்சியைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். நன்றாய் வந்த இடம் எதுவென்று குறிப்பாகச் சொல்லுங்கள்: படகின் வளைவு சரியாய் வந்திருக்கிறது, அலையின் நிறம் நம் முகத்துவாரத்து நிறம்போலவே இருக்கிறது என்று. அதன் பிறகு குறையைச் சொல்லுங்கள். ஒரு சமயத்தில் ஒன்று போதும். துடுப்புப் பிடித்த கை சிறியதாயிருக்கிறது, நாளைக் காலையில் கரைக்குப் போய் உண்மையான கையைப் பார்த்து வரை என்றால், பிள்ளை போய்ப் பார்க்கும். பென்சிலை நீங்கள் வாங்கித் திருத்தாதேயுங்கள்.

மூத்த பிள்ளையின் படத்தையும் இளைய பிள்ளையின் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதேயுங்கள். சென்ற மாதம் அதே பிள்ளை வரைந்த படத்தை எடுத்து வைத்து, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று காட்டுங்கள். விருந்தாளிகள் முன்னே பரிகாசம் பண்ணாதேயுங்கள். பெண்பிள்ளை வரைந்தால், கோலத்தோடு போதும் என்று நிறுத்தாதேயுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் சாமிநாதையராகவோ வேதநாயகம் பிள்ளையாகவோ ஆகப்போவதில்லை. மகாவித்துவானிடம் படித்த அநேகர் பெயரும்கூட இன்று எவருக்கும் தெரியாது. ஆயினும் அவர்கள் தங்கள் ஊர்களில் திண்ணைகளிலே உட்கார்ந்து, தங்களுக்குச் செய்யப்பட்டபடியே மற்றவர்களுக்கும் பொறுமையாய்ப் பாடம் சொல்லியிருப்பார்கள். ஆண்டவர் ஒருவனுக்கு ஐந்து தாலந்தும் மற்றொருவனுக்கு ஒரு தாலந்தும் கொடுக்கிறார். ஒரு தாலந்தை வாங்கினவன் பயத்தினாலே அதை மண்ணில் புதைத்தான் என்று வாசிக்கிறோம். நம் பிள்ளை தன் தாலந்தைப் புதைக்கும்படியாக அந்தப் பயத்தை உண்டாக்குகிறவர்கள் நாமாக இருக்கலாகாது.